மணியின் பற்று வரவு

வைமரானர் என்பது, ஜெர்மனியின் துரிங்கியாப் பகுதியில் உள்ள வைமர் நகரத்தின் பெயரால் வழங்கும் வேட்டைநாய் இனமாகும். கவிஞர் கோதேயை ஆதரித்த கோமகன் கார்ல் ஆகஸ்ட் (1757–1828) தம் அரசவை வேட்டைக்கென்றே இவ்வினத்தைப் பேணி வளர்த்தார் என்னும் செய்தி நூலுக்கு நூல் எடுத்தாளப்பட்டாலும், அதில் வரலாற்றைவிடக் கர்ணபரம்பரைக் கதையே மிகுதி என்று கொள்ளவேண்டியுள்ளது. 1897-இல் இனத்தூய்மை காப்பதற்கென ஒரு சங்கம் அமைந்த பிறகே இதன் கதை எழுத்தில் தெளிவு பெறுகிறது. இந்நாயின் நிறம் சாம்பல் என்று பொதுவாகச் சொல்லப்படும். நுட்பமாகப் பார்த்தால் அது நீர்த்துப்போன பழுப்பு. உரோமத்தில் நிறமித் துகள்களைச் சீராகப் பரப்புவதில் பங்குள்ள மெலனோஃபிலின் என்னும் மரபணு இவ்வினத்தில் திரிந்திருப்பதால், துகள்கள் பரவாமல் ஆங்காங்கே திரண்டுகொள்ள, பழுப்பாக இருக்கவேண்டிய மயிர் வெள்ளிச்சாயல் கொள்கிறது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதற்குச் ‘சாம்பல் பேய்’ என்று செல்லப்பெயர் உண்டு.

இந்நாயின் தொழிலைத் தமிழில் ‘சுட்டுதல்’ எனலாம். இரையின் வாடை மூக்கில் பட்டதும் பாய்ந்துவிடாமல், ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி அசைவற்று நின்று, உடம்பு முழுவதையும் ஓர் அம்புக்குறியாக்கித் திசைகாட்டுவதே சுட்டுதல். வேட்டைக்காரர் சுட்ட பின்னர், விழுந்த பறவையைச் சிதைக்காமல் கவ்விக்கொண்டு வந்து கையில் ஒப்படைப்பது அதன் அடுத்த வேலை. காட்டுவதைக் குறிக்கும் ‘சுட்டு’ என்னும் வினையும், வேட்டு வைப்பதைக் குறிக்கும் ‘சுடு’ என்பதன் எச்சமும் தமிழில் ஒரே வடிவில் அமைந்திருப்பது இந்த நாய்க்கென்றே செய்துவைத்தது போலிருக்கிறது. இவ்விரு வேலைகளும் மனிதனோடு சேர்ந்து செய்பவை என்பதும், காட்டுக் காவலர்களின் வீடுகளில் அவர்களோடு கூடவே இருந்து பழகிய மரபு இவ்வினத்துக்கு உண்டு என்பதும், பொருள்களைக் கவ்வித் தூக்குவதும் மனிதரை விட்டு அகலாமையும் இதன் இரத்தத்திலேயே ஊறியவை என்பதும், முதன்முறையாக நாய் வளர்க்கத் துணிபவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவை. சாத்தூரில் பிறந்து, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்புத் தொழில் செய்துவந்த ஒரு பெண்மணி இவையனைத்தையும் படித்து அறிந்திருந்தார். படித்ததற்கும் பட்டதற்கும் இடையிலிருந்த தொலைவே அவருடைய பின்வரும் நினைவுகளின் பொருள்.

அவர் பிறந்த வட்டாரம் நாய்க்குப் பெயர்போனது. சிப்பிப்பாறை, இராஜபாளையம் என்று ஊர்ப்பெயராலேயே வழங்கும் நாய்கள் அங்கே உண்டு. முயல் விரட்டும் சிப்பிப்பாறையைக் கம்பங்கூழ் ஊற்றி வளர்த்த வீடுகளை அவர் சிறுவயதில் கண்டதுண்டு. ஆயினும் அவ்வீடுகளில் எதிலும் நாய் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து பார்த்ததில்லை. நாய்க்குத் திண்ணை, மனிதருக்கு வீடு என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத, சொல்லத் தேவையும் இல்லாத எல்லை. அவருடைய சொந்த வீட்டில் நாயே இல்லை. தந்தையார் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் கணக்கெழுதியவர். ஒரு காசு குறைந்தாலும் இரவு முழுவதும் விளக்கைப் போட்டுக்கொண்டு தேடுகிறவர். இவ்வழக்கம் மட்டும் மகளுக்கு வந்து சேர்ந்தது.

வைமரானர் பிரிட்டனுக்கு வந்தது 1950களின் தொடக்கத்தில், போருக்குப் பின் ஜெர்மனியில் பணியாற்றிய படை அதிகாரிகள் வழியாக. அவ்வழியில் வந்த குட்டி ஒன்றைத் தேடி அவரும் அவருடைய கணவரும் 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் லிங்கன்ஷயரில் இருந்த ஒரு வளர்ப்பாளரின் வீட்டுக்குச் சென்றபோது, விலை பேசப்படும் என்று எதிர்பார்த்த இடத்தில் நேர்முகத்தேர்வு நடந்தது. தோட்டத்து வேலியின் உயரம் என்ன, நாளொன்றுக்கு எத்தனை மைல் நடப்பீர்கள், வீட்டில் ஆளில்லாத நேரம் எவ்வளவு என்று அந்த அம்மையார் அடுக்கிக்கொண்டே போனார். மூன்றாவது கேள்விக்கு, “நான் வீட்டிலேயேதான் வேலை செய்கிறேன்” என்று பெண்மணி சொன்ன விடையே குட்டியைப் பெற்றுத்தந்தது. கூடவே அவ்வம்மையார், குட்டிகள் பிறந்த அன்று எடுத்த படத்தையும் காட்டினார். அதில் எட்டுக் குட்டிகளும் புலிக்குட்டிகளைப் போல வரிவரியாக இருந்தன. இவ்வினத்தின் குட்டிகள் வரிகளோடு பிறப்பதும், சில நாள்களில் அவை மறைந்துவிடுவதும் இயல்பு. கண்களும் அப்படியே, குட்டிப் பருவத்தில் வான்நீலமாக இருந்து, மாதங்கள் செல்லச் செல்ல அரக்குமஞ்சளுக்கு மாறும்.

எட்டு வாரம் நிறைந்து ஆறு கிலோ எடையுடன் அக்டோபரில் வீடு வந்த குட்டிக்கு மணி என்று பெயரிட்டதில் புதுமை ஏதுமில்லை. தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒரு நாய் மணியாக இருக்கும். அவ்வாண்டு ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் நாய்களுக்குச் சில்லு பதிப்பது, அதாவது அரிசிமணி அளவிலான மின்னணுக் குப்பியைத் தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் செலுத்தி, அதிலுள்ள பதினைந்து இலக்க எண்ணை உரிமையாளர் பெயரில் பதிவுசெய்வது, சட்டப்படி கட்டாயமாகியிருந்தது. பதிவை மாற்றுவதற்காகக் கால்நடை மருத்துவமனையில் பெயரைச் சொன்னபோது, அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொண்டார். அடுத்த ஓராண்டுக் காலம், எண்ட்கிளிஃப் பூங்காவின் ஓடைக்கரையில் மாலைதோறும் ஒரு தமிழ்ப் பெண்மணி “பணமே, பணமே, வா!” என்று கூவிக்கொண்டு ஓடுவதாகவே ஊரார் கேட்டனர். எதிரே வந்த முதியவர் ஒருவர், தாமும் அதைத்தான் வாழ்நாள் முழுவதும் கூப்பிட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

குட்டி வந்த மறுநாளே அவர் ஒரு குறிப்பேட்டை எடுத்து, தந்தையார் எழுதியது போலவே பற்று, வரவு என்று இரண்டு பத்திகள் பிரித்துக் கோடிட்டார். பற்றுப் பத்தியில் சேதங்கள், நாள், இயன்றால் விலை; வரவுப் பத்தியில் என்ன எழுதுவதென்று அப்போது தோன்றாததால் அது வெறுமையாக விடப்பட்டது. கணவர் முதல் நாளிலிருந்தே குட்டியை ‘அவன்’ என்றார். குறிப்பேட்டிலோ ‘கடித்தது’, ‘கிழித்தது’ என்று அஃறிணை வழுவாமல் காக்கப்பட்டது. இலக்கணப்படி அவர் செய்தது சரி.

முதல் சில வாரங்கள் பற்றிய பதிவுகள் பெரும்பாலும் சிறுநீர் தொடர்பானவை. குட்டி எத்தனை மாத வயதோ ஏறத்தாழ அத்தனை மணிநேரமே அதனால் அடக்கமுடியும் என்பது வளர்ப்போரிடையே வழங்கும் ஒரு வாய்பாடு. அதன்படி இரவில் இருமுறை எழுந்து, ஷெஃபீல்டின் அக்டோபர் மழையில், மேலங்கியின் மேல் சால்வை போர்த்துக்கொண்டு தோட்டத்தில் நின்று “ஒண்ணுக்குப் போடா” என்று ஒரு நாயிடம் மன்றாடும் நிலை ஏற்பட்டது. குட்டி மழையில் நனைய விரும்பாமல் அவர் காலடியிலேயே ஒதுங்கி நிற்கும். உள்ளே வந்து கம்பளத்தை மிதித்தவுடன் மனநிறைவோடு கழிக்கும். இதைவிடச் சிக்கலானது தடுப்பூசிக் கணக்கு. பார்வோ வைரஸ் போன்ற கொடிய தொற்றுகளுக்கு எதிரான ஊசிகள் முழுமையாகப் போட்டு முடியும்வரை குட்டியை வெளியே தரையில் விடக்கூடாது என்பது மருத்துவர் சொல். ஆனால் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகிய இருவரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூல் வழியாகப் பரவிய கருத்தோ, மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம் என்றும், அப்போது காணாதவற்றைக் கண்டு அது பின்னாளில் அஞ்சும் என்றும் கூறுகிறது. ஒன்று வெளியே விடாதே என்கிறது, மற்றொன்று வெளியே காட்டு என்கிறது. இதற்கு அவர் கண்ட தீர்வு அவர் படித்த எந்த நூலிலும் இல்லாதது: பழைய சுங்குடிச் சேலை ஒன்றைத் தோளில் குறுக்காகக் கட்டித் தூளியாக்கி, அதற்குள் குட்டியை வைத்துக்கொண்டு, பேருந்து நிறுத்தம், பள்ளி விடும் நேரத்து வாசல், பழுதுபார்க்கும் சாலை என்று ஊரைச் சுற்றிக் காட்டினார். பிள்ளையைப் பார்க்க ஆசையோடு குனிந்தவர்கள் உள்ளிருந்து நீலக் கண்களும் நீண்ட மூக்கும் வெளிவரக் கண்டு திடுக்கிட்டனர். பத்தாவது வாரத்தில் ஒன்பது கிலோவானபோது, தூளி வழக்கம் தோள்வலியால் முடிவுக்கு வந்தது.

நாய்க்குப் பால்பற்கள் இருபத்தெட்டு. ஏறத்தாழ நான்காம் மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் நாற்பத்திரண்டு நிலைப்பற்கள் முளைத்து நிறையும். எனவே டிசம்பர், ஜனவரி ஆகிய இரு மாதங்களின் சேதங்கள் ஈறு அரிப்பால் நேர்ந்தவை என்று கொள்ளலாம். சாப்பாட்டு மேசையின் ஒரு கால், சுவரின் அடிப்பலகை, தொலைக்காட்சி ரிமோட், வாடிக்கையாளர் அனுப்பிய ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கம், கணவரின் இடது கால் செருப்புகள் மட்டும் மூன்று. டிசம்பர் மாதத்துக்கு இதைவிட விரிவான பட்டியல் தர இயலாமைக்குக் காரணம், அம்மாதத்துப் பக்கங்களும் அவ்வாறே உண்ணப்பட்டமைதான். ஆய்வுப்பொருளே ஆவணத்தை அழித்துவிட்ட இந்நிலையில், டிசம்பர் பற்றிக் கூறுவன எல்லாம் நினைவிலிருந்து மீட்டவை. விழுந்த பால்பல் ஒன்றை அவர் கம்பளத்தில் கண்டெடுத்தார். நெல்லைவிடச் சற்றுப் பெரிதாக, உள்ளே குடைவாக இருந்த அதை, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த தீப்பெட்டி ஒன்றில் பஞ்சு வைத்து எடுத்துவைத்தார். ஏன் என்று கணவர் கேட்டதற்கு விடை சொல்லவில்லை.

ஆனால் ஜனவரிப் பதிவுகளை ஒருநாள் அவர் கணக்குச் சரிபார்க்கும் கண்ணோடு முதலிலிருந்து படித்தபோது, ஈறு அரிப்பால் மட்டும் விளக்கமுடியாத ஒன்று புலப்பட்டது. குட்டிக்கென்று வாங்கிய இரப்பர் எலும்புகளும் மாட்டுக்கொம்பும் தீண்டப்படாமல் மூலையில் கிடந்தன. அது எடுத்தவை அனைத்தும் மனிதர் கைபட்ட பொருள்கள். எடுத்த நேரத்தைப் பார்த்தால், பெரும்பாலும் அவர் கணினியின் முன் அமர்ந்து மொழிபெயர்ப்பில் மூழ்கியிருந்த வேளைகள். இன்னும் ஒன்று: எடுத்தவற்றில் பலவற்றை அது மென்று தின்னவில்லை. வாயில் வைத்துக்கொண்டு அறையின் நடுவே வந்து நின்று, அவர் பார்க்கும்வரை காத்திருந்தது. பார்த்தவுடன் அவர் வாயிலிருந்து வரும் சொல் ‘ஐயோ’. அச்சொல் காதில் விழுந்ததும் குட்டி வாலைச் சுழற்றிக்கொண்டு சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஓடத் தொடங்கும். அவர் பின்னால் துரத்துவார். மூன்றாவது சுற்றில் கணவரும் சேர்ந்துகொள்வார்.

நடத்தை ஆய்வில் ‘வலுவூட்டல்’ என்றொரு கலைச்சொல் உண்டு. ஒரு செயலைத் தொடர்ந்து உயிரிக்கு விருப்பமானது ஒன்று நிகழ்ந்தால் அச்செயல் மேலும் மிகுதியாகும் என்பதே அதன் பொருள், பி. எஃப். ஸ்கின்னரின் ஆய்வுகள் வழியே அச்சொல் புகழ்பெற்றது. எது விருப்பமானது என்பதை முடிவுசெய்வது பயிற்றுபவர் அல்லர், பயில்கின்ற உயிரி என்பதே இதில் பலரும் கவனிக்கத் தவறும் கூறு. அவர் கண்டித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். மணியோ, ‘ஐயோ’ என்றால் ‘எல்லாரும் வாருங்கள், ஓடிப்பிடித்து விளையாடலாம்’ என்று பொருள்கொண்டிருந்தது. சனிக்கிழமைதோறும் ஒரு தேவாலயக் கூடத்தில் நடந்த பயிற்சி வகுப்பில் ‘வா’, ‘இரு’, ‘விடு’ என்னும் ஓரிரு மாத்திரைச் சொற்களைச் சொல்லிக்கொடுக்க அவர் படாத பாடு பட்டுக்கொண்டிருந்த அதே வாரங்களில், மணி ஒரு தமிழ்ச் சொல்லை ஆசிரியர் உதவியின்றித் தானாகவே கற்றுத் தேர்ந்திருந்தது. மொழிபெயர்ப்பாளரான அவருக்கு அச்சொல்லின் பொருளைத் தவறாக எடுத்துக்கொண்டவர் யார் என்னும் ஐயம் அன்றிரவு நெடுநேரம் நீடித்தது.

இனி அச்சொல் வீட்டில் உச்சரிக்கப்படலாகாது என்று கணவனும் மனைவியும் உடன்படிக்கை செய்துகொண்டனர். பொருளைக் கவ்விக்கொண்டு நின்றால் பார்க்காமல் இருப்பது, ஆபத்தான பொருளானால் கேரட் துண்டு ஒன்றைக் காட்டிப் பண்டமாற்றாக வாங்கிக்கொள்வது என்பது ஏற்பாடு. வழக்கமாகக் கிடைத்துவந்த பலன் திடீரென்று நின்றுபோனால், அச்செயல் தணிவதற்கு முன் சிலகாலம் வெறிகொண்டதுபோல் மிகும் என்பதும் நடத்தை ஆய்வாளர்கள் கண்டதே. மணி அதை மெய்ப்பித்தது. செருப்புக்குப் பலனில்லை என்றறிந்து தலையணையைக் கொண்டுவந்தது. தலையணைக்கும் பலனில்லை என்றறிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, விருந்தினர் கழற்றி வைத்திருந்த பல்செட்டைப் பழுதுபடாமல் மெல்லக் கவ்விக்கொண்டு வந்து கூடத்தின் நடுவே நின்றது. கணவர் உடன்படிக்கையை மீறினார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

பிப்ரவரியில் நேர்ந்தது வேறு வகையானது. ஷெஃபீல்டின் குளிர்காலத்தில் இட்லி மாவு தானாகப் புளிக்காது. வெந்நீர்க் கொதிகலன் இருக்கும் அலமாரியின் வெதுவெதுப்பில் பாத்திரத்தை வைத்தால்தான் விடியற்காலையில் பொங்கும். அன்றிரவு அலமாரிக் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. பதினொரு மணிக்குப் பாத்திரம் உருளும் ஓசை கேட்டு வந்தபோது, ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் மாவு காணாமற்போய், மணியின் மூக்கும் காதுநுனிகளும் வெள்ளையாக, வயிறு தவில்போலப் பருத்திருந்தது. வைமரானர் போன்ற ஆழ்ந்த மார்புக்கூடு கொண்ட இனங்களில் இரைப்பை வாயுவால் உப்பித் தன் அச்சிலேயே முறுக்கிக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில மணிநேரத்துக்குள் அறுவைசிகிச்சை செய்யாவிட்டால் நாய் பிழைக்காது. இது வளர்ந்த நாய்களிலேயே மிகுதியாகக் காணப்படுவது என்பது அவர் படித்ததுதான். நள்ளிரவில் அந்தப் பகுதி நினைவுக்கு வரவில்லை.

அவசர மருத்துவர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, ஊடுகதிர்ப் படம் எடுத்து, முறுக்கு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, உள்ளே போனது என்ன என்று கேட்டார். அரிசியும் உளுந்தும் என்று அவர் சொன்னார். மருத்துவருக்கு உளுந்து தெரியவில்லை. ஆகவே, இரவு ஒரு மணிக்கு, கண்ணீரும் மாவும் படிந்த கையோடு, உளுந்தை ஊறவைப்பது, தனியே அரைப்பது, உப்பும் வெந்தயமும் சேர்ப்பது, நொதிக்கும்போது வாயு உண்டாவது என்று இட்லிச் செய்முறை முழுவதையும் ஓர் ஆங்கிலேயருக்கு அவர் எடுத்துரைக்க நேர்ந்தது. எந்த மொழிபெயர்ப்பிலும் இத்துணைத் துல்லியம் தமக்கு வாய்த்ததில்லை என்பது அவர் கருத்து. மருத்துவர் பொறுமையாகக் குறித்துக்கொண்டு, வாந்தி எடுக்கச் செய்து, விடியும்வரை அங்கேயே வைத்திருந்து கவனித்து அனுப்பினார். காலையில் தொலைபேசியில் செய்தி கேட்ட சாத்தூர்த் தாயார் சொன்னது: “நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டுல வச்சா… நான் என்னத்தச் சொல்ல. வாசல்ல கட்டிப்போடுத்தா.” பழமொழியை அவர் முடிக்கவில்லை, மகள் அழுவது கேட்டிருக்கவேண்டும். சற்றுப் பொறுத்து, “சரி, எந்திரிச்சிருச்சா? ஏதும் தின்னுச்சா?” என்றார்.

வாசலில் கட்டிப்போடுவது என்பது முயன்று பார்க்கப்படாத வழியும் அன்று. வேலைக்கு இடையூறு தாங்காமல் மார்ச் மாதத்தில் ஒருவாரம், பகலில் இரண்டு மணிநேரம் மட்டும், சமையலறைக்குள் குட்டியை விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் மாடியில் பணியாற்றினார். அந்தக் கதவின் கீழ்ப்பகுதியில் உண்டான பள்ளம் இன்றும் இருக்கிறது: உள்ளங்கை அகலம், ஒரு விரற்கடை ஆழம், மரத்தின் இழைகள் ஈரமாகிச் சிலும்பி, நடுநடுவே உதட்டு இரத்தத்தின் கறை. இது குறும்பு அன்று என்பது அதைப் பார்த்தவுடனே அவருக்கு விளங்கியது. விளையாட்டுக்குச் செய்வது மனிதர் பார்க்கச் செய்யப்படுவது. இதுவோ பார்ப்பவர் ஒருவருமின்றிச் செய்யப்பட்டது. பிரிவுப் பதற்றம் என்று மருத்துவ நூல்கள் கூறும் இந்நிலைக்கு வைமரானர் எளிதில் ஆட்படும் இனம் என்பதை, வளர்ப்பாளர் கேட்ட மூன்றாவது கேள்வியின் பொருளாக, ஆறு மாதம் கழித்து அவர் புரிந்துகொண்டார். ‘வீட்டிலேயே இருக்கிறேன்’ என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் மணி கேட்டது வீட்டில் இருப்பதை அன்று, கூட இருப்பதை.

இவ்வகையில் தோற்றவர் அவர் மட்டுமல்லர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவரிடம் ஹெய்டி என்னும் வைமரானர் இருந்தது. வெள்ளை மாளிகையின் விலையுயர்ந்த கம்பளம் ஒன்றைக் கறைப்படுத்திவிட்டு, கெட்டிஸ்பர்க்கில் இருந்த அவருடைய பண்ணைக்கு அது அனுப்பப்பட்ட கதை பெயர்பெற்றது. பண்ணை இல்லாதவர்களுக்கு இவ்வழி உதவாது. அதனினும் பயனுள்ள முன்மாதிரி, ஓவியரும் ஒளிப்படக் கலைஞருமான வில்லியம் வெக்மன். 1970-இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் அவர் வாங்கி, மேன் ரே என்னும் கலைஞரின் பெயரையே சூட்டிய வைமரானர் குட்டி, அவர் வேலை செய்யும்போதெல்லாம் ஓரமாகக் கட்டிப்போட்டால் ஓயாமல் முனகியது. ஒளிப்படக் கருவிக்கு முன்னால் விட்டால் அமைதியாயிற்று. விளைவு, 1982-இல் அந்நாய் இறக்கும்வரை இருவரும் சேர்ந்து செய்த நிகழ்படங்களும் ஒளிப்படங்களும். அவை இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. வெக்மனைக் கலை வரலாற்றில் வேறு எப்படியும் மதிப்பிடலாம். முதலில் அவர் முனகல் பொறுக்கமாட்டாத ஒரு நாய்க்காரர் என்பதே இங்கு வேண்டுவது.

ஷெஃபீல்டுப் பெண்மணியிடம் ஒளிப்படக் கருவியும் இல்லை, காட்டுவதற்குக் கலைக்கூடமும் இல்லை. மேசையின் கீழ் ஒரு பழைய மெத்தையைப் போட்டு, கால்பெருவிரல் நாயின் முதுகில் படும்படி அமர்ந்து மொழிபெயர்த்தார். கடிதம் வந்தால் வாசலிலிருந்து எடுத்துவருவது, துவைத்த காலுறைகளைக் கூடையிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுப்பது, மறைத்துவைத்த தேநீர்ப்பையை மோந்து கண்டுபிடிப்பது என்று சில்லறை வேலைகள் ஏற்படுத்தப்பட்டன. கவ்விக் கொணரும் இனம் என்பதால் இவற்றைக் கற்பிக்க ஒருநாள்கூடத் தேவைப்படவில்லை. முன்பு திருட்டாயிருந்ததே இப்போது வேலையாயிற்று. கதவை மூடிவிட்டு அரை நிமிடம், ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று தனிமையைச் சிறுகச் சிறுகப் பழக்கியதற்கு மட்டும் நான்கு மாதம் பிடித்தது. அந்நான்கு மாதமும் சலிப்பூட்டுபவை. அவற்றைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை.

ஷெஃபீல்டு நகராட்சி எல்லையின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி, 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் மாவட்டத்துக்குள் அமைந்துள்ளது. பேருந்து ஏறினால் அரைமணி நேரத்தில் மேட்டுநிலப் புல்வெளி வந்துவிடும் என்பதால்தான் அவர்கள் இத்தகைய நாய்க்குத் துணிந்தனர். ஆயினும் 2000-ஆம் ஆண்டின் ஊர்ப்புற அணுகல் உரிமைச் சட்டப்படி, தரையில் கூடுகட்டும் பறவைகளைக் காக்கும்பொருட்டு, மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை அத்தகைய திறந்தவெளிகளில் நாயை இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில்தான் பிடித்திருக்கவேண்டும். ஆடுகள் அருகில் இருந்தால் ஆண்டு முழுவதும் அவ்வாறே. மணிக்கு முரட்டுப் பருவம் தொடங்கியதும் சரியாக அம்மாதங்களில். ஏப்ரலில் இருபத்துமூன்று கிலோ, ஜூலையில் இருபத்தொன்பது. இரண்டு மீட்டர்க் கயிற்றின் ஒரு நுனியில் பல தலைமுறை வேட்டை மரபும், மறுநுனியில் சாத்தூர்க் கணக்கரின் மகளும் நின்று இழுத்துக்கொண்டிருந்ததில், அவருடைய வலது தோள்பட்டை அக்கோடை முழுவதும் வலித்தது. ‘வா’ என்னும் சொல் தோட்டத்தில் பலித்தது, பூங்காவில் பாதி பலித்தது, மேட்டுநிலத்தில் காற்றோடு போயிற்று.

ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாம் ஞாயிறன்று, பர்பேஜ் பள்ளத்தாக்கை அடுத்த மேட்டில் அவரும் மணியும் நடந்தனர். அப்பருவத்தில் ஹெதர் என்னும் குறும்புதர் பூத்து, மேடு முழுவதும் கத்தரிப்பூ நிறமாகக் கிடக்கும். கயிறு பத்து மீட்டருக்கு நீண்டிருந்தது. மணி முன்னும் பின்னும் குறுக்கே நெய்துகொண்டு போனது, ஓரிடத்தில் திடீரென்று நின்றது. அவர் அதற்கு எதையும் கற்பித்ததில்லை. வலது முன்னங்கால் மடங்கி மார்போடு ஒட்டியிருந்தது. வால் கிடைநிலையில் விறைத்திருந்தது. ஓயாமல் ஆடும் காதுகள் முதன்முறையாக அசையவில்லை. கீழுதட்டிலிருந்து எச்சில் நூலாக இறங்கி, அறுபடாமல் காற்றில் சாய்ந்து நின்றது. தொடைத்தசை மட்டும் தோலுக்கடியில் மெல்ல நடுங்கியது. பத்து மாத காலத்தில் அந்த நாய் விழித்த நிலையில் பத்து நொடி அசையாமல் நின்றதை அவர் கண்டதில்லை. இப்போது ஒரு நிமிடம் கடந்துவிட்டது. பின்னர், கழுத்தைத் திருப்பாமல், அரக்குமஞ்சளாகிவிட்டிருந்த கண்ணை மட்டும் திருப்பி, அது அவரைப் பார்த்தது. தன் பங்கு முடிந்தது, அடுத்தது உன் வேலை என்னும் பார்வை. அவருக்கு அடுத்த வேலை தெரியாது. துப்பாக்கி பிடித்ததில்லை, பிடிக்கும் எண்ணமும் இல்லை; கையில் இருந்தது தேநீர்க் குடுவை.

அவர் செய்யக்கூடியது சேர்ந்து நிற்பது ஒன்றே. நின்றார்.

புதரின் உள்ளிருந்து, கௌதாரியை ஒத்த செம்பழுப்புக் க்ரௌஸ் பறவை, இறக்கைகள் படபடக்க, அதட்டுவதுபோன்ற குரலெழுப்பி, முகத்துக்கு நேரே எழுந்து பறந்தது. காற்று அவருடைய தொப்பியைக் கழற்றிப் புதர்மேல் எறிந்தது. ஆறு மாதமாகக் காத்துவந்த உடன்படிக்கையை மறந்து அவர் வாய்விட்டு “ஐயோ!” என்றார். மணியின் காதுகள் நிமிர்ந்தன. பறவை போன திசையை அது பார்க்கவே இல்லை. தொப்பியை ஒரே கவ்வாகக் கவ்விக்கொண்டு அவரைச் சுற்றி ஓடத் தொடங்கியது. பத்து மீட்டர்க் கயிறு அவர் கால்களில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொள்ள, இருவரும் ஹெதர் புதரில் விழுந்தனர்.

அன்றிரவு குறிப்பேட்டின் வரவுப் பத்தியில், பத்து மாதங்களுக்குப் பின் முதன்முறையாக, ஒரு நாளும் ஒரு சொல்லும் எழுதப்பட்டன: ‘நின்றான்.’ அதே வரியில், பற்றுப் பத்தியில், தொப்பி ஒன்று.